மார்த்தா இந்தத் தடவை சாகவில்லை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், நீ ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய். அதனால் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது அலமாரியில் காமிக்ஸ் அடுக்கிவிட்டுப் போனாயே, முக்கால்வாசி படித்து முடித்துவிட்டேன். இங்கிலீஷ் மெல்லத்தான் ஓடுகிறது. படம் இருப்பதால் தப்பித்தேன்.

முதலில் அந்த எக்ஸ்-மென், பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்கள் கிராக்கோவா தீவில் சேர்ந்து வாழும் 2019 கதை. யார் செத்தாலும் ஐந்து பேர் சேர்ந்து முட்டையிலிருந்து எழுப்பிவிடுகிறார்கள். அவர்கள் தலைவர் சேவியர் பத்திரப்படுத்தி வைத்த நினைவை உள்ளே ஏற்றினால் ஆள் தயார். இதை எழுதிய ஹிக்மன் பெரிய மூளைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் செத்தவரே காபி கொண்டுவந்து நீட்டிய மாதிரி இருந்தது எனக்கு. சாவு இல்லாத சமூகம் எப்படி மாறும் என்பதுதான் கதையே என்று நீ சண்டைக்கு வருவாய். சரி, கட்டுரைக்கு நல்ல விஷயம். எனக்கு ஒரு இடத்திலும் பதறவில்லை.

அதே ஹிக்மன்தான் 2024இல் அல்டிமேட் ஸ்பைடர்மேனும் எழுதினார் என்பதை அட்டையைப் பார்த்துத்தான் நம்பினேன். பீட்டர் பார்க்கர் இதில் தாடி வைத்த குடும்பஸ்தன். மேரி ஜேனோடு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சிலந்தி தற்செயலாகக் கடிக்கவில்லை. யோசித்து, சம்மதித்துக் கடி வாங்குகிறான். கறுப்பு உடை பயமாக இருக்கிறது என்று சின்ன மகள் சொன்னதும் நிறத்தை மாற்றிக்கொள்கிறான் பார், அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். உலகத்தைக் காப்பாற்றுகிறவன் வீட்டில் பிள்ளைக்குப் பயந்து நடக்கிறான். உன் அப்பா மீசையை எடுத்தது ஞாபகம் வந்தது.

இன்னொன்று அப்சல்யூட் பேட்மேன். 1939லிருந்து பேட்மேனின் அம்மா மார்த்தா வெய்னைச் சந்தில் சுட்டுத்தானே கதையை ஆரம்பிக்கிறார்கள்? எத்தனை தடவை அந்த முத்துமாலை அறுந்து தெறித்திருக்கும்! இதை எழுதிய ஸ்னைடர் அவளை உயிரோடு விட்டுவிட்டார். செத்தது அப்பா மட்டும். பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போன இடத்தில். பணமும் கிடையாது, மாளிகையும் கிடையாது. டிராகோட்டா வரைந்த பேட்மேன் என்னவோ புல்டோசர் மாதிரி இருக்கிறான், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ராத்திரி வெளியே போகிற பையனுக்கு வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள் என்று சேர்த்ததும் கதையின் கனமே மாறிவிடுகிறது. இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

சரித்திரக் கதைகளுக்கு வருகிறேன். ‘மார்ச்’ இரண்டு பாகம் படித்தேன். அமெரிக்காவில் கறுப்பர்களின் உரிமைக்குப் போராடி, 1965இல் செல்மா பாலத்தில் போலீஸிடம் தடியடி வாங்கிய ஜான் லூயிஸ், சின்ன வயதில் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்த ஜான் லூயிஸ். பாலத்தைவிடக் கோழிகள்தான் மனதில் நிற்கின்றன. கறுப்பு வெள்ளைப் படங்கள். ராத்திரிக் காட்சிகளில் பக்கமே இருட்டிவிடுகிறது.

‘மவுஸ்’ வேறு மாதிரி. யூதர்கள் எலி, நாஜிகள் பூனை என்று நீ சொன்னபோது குழந்தைக் கதையாக்கும் என்று நினைத்தேன். 1992இல் புலிட்சர் பரிசு கிடைத்த புத்தகத்தை 2022இல் டென்னசியில் ஒரு பள்ளி வாரியம் பாடத்திலிருந்து எடுத்ததாமே. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கங்களைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? என்னைப் பிடித்துக்கொண்டது அந்த முகாமிலிருந்து பிழைத்து வந்த கிழவர், எழுதியவரின் அப்பா விளாடெக்தான். மாத்திரையை எண்ணுகிறார், தெருவில் கிடக்கும் ஒயரைப் பொறுக்குகிறார், மகனைக் கேட்காமல் அவன் கோட்டைத் தூக்கிப் போடுகிறார். அப்புறம் தெரிகிறது, இறந்துபோன மனைவியின் நோட்டுப் புத்தகங்களையும் அவரே எரித்துவிட்டார் என்று. மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். அந்தப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நீ பத்தாவது படிக்கும்போது வீடு மாறினோம். பரணில் இருந்த உன் அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். மாமா உனக்குக் கொடுத்த முத்து காமிக்ஸ் எல்லாம் அதில்தான் இருந்தது. நூலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கிலோ நாலு ரூபாயோ ஐந்தோ. நீ கத்தவில்லை, இரண்டு நாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ‘கரையான் வந்துவிடும்’ என்று காரணம் சொன்னேன். கரையான் எதுவும் வரவில்லை. இடம் போதவில்லை, எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். இதை உன்னிடம் சொன்னதில்லை.

போன வாரம் மாமாவிடம் கேட்டேன். இரும்புக்கை மாயாவி ஒன்று அவரிடம் மிச்சமிருக்கிறது. அட்டை இல்லை, கடைசி நாலு பக்கமும் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்து கை மட்டும் தெரியும் என்று படித்துவிட்டு, இவர் ஸ்விட்ச் போர்டில் ஆணியை விடப் போய் உன் தாத்தாவிடம் வாங்கிய அடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புத்தகத்தை உனக்கே தருகிறாராம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரத்தில் அந்துருண்டை வைத்து, கூரியரில் அனுப்புகிறேன். வந்ததும் பிரித்து வை, அந்துருண்டை வாசம் போகட்டும்.

‘மார்ச்’ மூன்றாம் பாகத்தை எங்கே வைத்தாய்? அலமாரி முழுக்கத் தேடிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா