பி.ஜே. (உடற்கல்வி) பாடத்த பிள்ளைங்களுக்கே விட்டுடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பிள்ளைங்க உடம்பு போடுறத பத்தி எழுதியிருந்தீங்க, சரிதான், ஆனா பெத்தவங்கள மட்டும் திட்டி முடிச்சிட்டீங்களே.

என் மகன் மூணாம் ஆண்டு படிக்கிறான். சுகாதாரப் பாடத்துல 'சுக்கு சுக்கு செபாரு' (மலாய்ல கால், கால், அரைன்னு அர்த்தம்) தட்டு வரைஞ்சு கலர் அடிச்சு கொண்டு வந்தான், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனு கோழி, மிச்ச அரை தட்டு காய்கறி பழம்னு அழகா இருந்துச்சு, டீச்சர் ஸ்டார் கூட போட்டிருந்தாங்க. அதே பிள்ளைக்கு ரெஹாட் (இடைவேளை) மணி அடிச்சா கேண்டீன்ல கிடைக்கிறது என்னான்னா நக்கெட்டு, சோசேஜ், சிவப்பா ரோஸ் சிரப்பு. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி போட்ட பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரின்னு 2019 ஜூலையில மலேசிய அரசாங்கம் கொண்டு வந்துச்சு, அது ஃபேக்டரியில அடைச்சு வர்றதுக்குத்தான், வாளியில சீனிய கொட்டி கலக்குற சிரப்புக்கு யாரு வரி போடுறது? கேண்டீன்காரர மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல, பிள்ளைங்க கொண்டு வர்ற ஒரு ரிங்கிட் ரெண்டு ரிங்கிட்டுல அவரு என்னதான் ஆக்கிப் போடுவாரு, வாடகை வேற கட்டணும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது பி.ஜே. பாடத்துலதான். பரீட்சை வருதுன்னா முதல்ல பறிபோறது அதுதான், கணக்கு வாத்தியார் வந்து உக்காந்துடுவாரு. ஆறாம் ஆண்டுல எழுதுன யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021லயே எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு இந்த ஓட்டம்? அஞ்சு வயசுலேருந்து பதினேழு வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க பிள்ளைங்க வீட்டு வாசல்ல வேன் ஏறி ஸ்கூல் கேட்ல இறங்குதுங்க, சாயங்காலம் டியூஷன், அப்புறம் போன். எஸ்டேட் தோட்டத்துல குடியிருந்தப்ப திடல்ல இருட்டுற வரைக்கும் பந்து உதைச்ச கூட்டம்தான் நாங்க (அப்ப எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்லல, சோகை பிடிச்ச பிள்ளைங்களும் நிறைய), இப்ப அங்க செம்பனை (எண்ணெய்ப் பனை) நிக்குது, நாங்க தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துட்டோம், இங்க விளையாட இடம்னா கார் நிறுத்துற இடம்தான். பி.ஜே.வையும் பிடுங்கிட்டா அதுங்க எங்க போயி ஓடும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல ரெண்டே விஷயம் கேக்கப் போறேன், பி.ஜே. நேரத்துல வேற பாடம் நடத்தக் கூடாது, சிரப்பு வாளிய எடுத்துட்டு காசில்லாம குடிக்க தண்ணி வைக்கணும். வேற ஊரு தமிழ்ப்பள்ளிங்கள்ல இத செஞ்சு பாத்திருந்தா வாசகர்கள் எழுதுங்க, கூட்டத்துக்கு கையோட எடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்