போர்-லூயியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள், நிம்மதி. "அந்த ஊர் எப்படிடா இருக்கு?" என்று நீங்கள் கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரான்சில் பிரிட்டனிப் பகுதியின் தென்கரையில், பிளாவே ஆறு கடலில் சேரும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முனைதான் போர்-லூயி. எதிர்க்கரையில் லோரியான் நகரம். வேலை அங்கே மீன் துறைமுகத்தில். காலையில் படகு ஏறினால் சில நிமிஷத்தில் அக்கரை.

நம்ம புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையத்தில் கடல் ஏறுவதும் இறங்குவதும் பெரிதாகத் தெரியாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் மிதந்த படகு மத்தியானம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஆட்கள் வாளியோடு இறங்கி மட்டி பொறுக்குவார்கள். நம் வீட்டில் ராகுகாலம் பார்க்கிற மாதிரி இவர்கள் ஓத அட்டவணை பார்க்கிறார்கள்.

ஊரின் நுனியில் கோட்டை. துறையின் வாய் குறுகல் என்பதால் எந்தக் கப்பலும் கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே வந்துதான் உள்ளே நுழைய முடியும். 1590களில், இங்கே நடந்த மதச் சண்டையில் தலையிட வந்த ஸ்பெயின்காரர்கள் கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் போன பிறகு 13ஆம் லூயி காலத்தில் கட்டி முடித்தார்கள். ஊருக்கும் அந்த ராஜா பேர்தான்.

1664இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பமானது. இரண்டு வருஷத்தில் எதிர்க்கரையில் கப்பல் கட்டும் தளம் போட்டார்கள். லோரியான் பிறந்தது அப்படித்தான். நம்ம ஊரில் தெருவுக்குப் பேர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரிக்கு வந்ததும் இதே கம்பெனி ஆளாகத்தான்.

இப்போது கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான், கப்பல் மாதிரிகள் எல்லாம் உண்டு, ஆனால் நீங்கள் வந்தால் துணிகளைவிட்டு நகர மாட்டீர்கள். கண்ணாடிக்குள் ஒரு பெரிய பருத்தி விரிப்பு. வளைந்த தண்டோடு ஒரு மரம், அந்த ஒரே மரத்தில் விதவிதமான பூக்கள். எல்லாம் கையால் வரைந்தது. சிவப்பு சாயவேர், நீலம் அவுரி. நீலம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசி முக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழையாக நீலம் ஓடியிருப்பது தெரிகிறது. உங்கள் மில் சரக்கு எதிலும் சாயம் இப்படி நின்றதில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்! அட்டையில் சோழமண்டலக் கரை என்று இருக்கிறது. வரைந்தவர் பேர் இல்லை.

இந்தத் துணிமேல் இவர்களுக்கு அப்படியொரு மோகம். உள்ளூர் பட்டு, கம்பளித் தொழில் படுத்துவிடும் என்று 1686இல் அரசு தடை போட்டது. 1759 வரை தடை இருந்தும் பெண்கள் உடுத்துவதை விடவில்லை.

நீலத் துணியின் கதைதான் மனசைப் பிசைந்தது. நம்ம பக்கம் நெய்து அவுரியில் முக்கியெடுத்த துணியை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கியிருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கம்பெனிக்குத் தெரியும்.

கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. 1944இல் ஜெர்மானியர்கள் சுட்டுப் புதைத்த 69 எதிர்ப்புப் போராளிகளுக்கானது. 1945 மே மாதம்தான் உடல்களைக் கண்டெடுத்தார்கள். லோரியான் 1943 குண்டுவீச்சில் கிட்டத்தட்ட முழுசாக அழிந்தது. அதனால் பழைய கல்வீடு பார்க்க நினைப்பவர்கள் இக்கரைக்குத்தான் வருகிறார்கள்.

மதிலில் ஒரு வாசல் வழியாக வெளியே போனால் மணல்வெளி, எதிரே குருவா தீவு. தண்ணீர் மட்டும் ஆகஸ்டிலும் பல்லைக் கிட்டும்.

சரி, ஒரு வேலை உங்களுக்கு. மில்லில் சாயப் பிரிவில் இருந்த உங்கள் சிநேகிதரிடம், சாயவேர் இன்னும் எங்கேயாவது தோண்டுகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். அம்மாவைப் போர்வை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்சல் காசுக்கு இங்கேயே இரண்டு வாங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மகன்