அடுக்கைக் கலைக்காமல் கொடுங்கள்: கட்டிங் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கரூர் வட்டாரத்தில் வீட்டு உபயோகத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர்களுக்கும், துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும் லே மேசையருகே நிற்கும் மாஸ்டர் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை (பிட் துணி) வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் குயில்ட் என்னும் பேட்ச் ஒர்க் விரிப்புத் தைக்கும் பெண்கள் நாங்கள்.

"இனி பிட் துணி தனித்தனியாகத் தரப்படாது. மொத்தமாகப் பேல் மட்டும்" என்று கழிவு ஏற்றும் வாசலில் ஒட்டியிருந்த தாளைப் படித்தோம். பேல் என்றால் எல்லாக் கழிவையும் கலந்து அழுத்திக் கட்டிய பொதி. காரணம் கேட்டால், பிரித்துவைக்க ஆள் இல்லை என்கிறார்கள். பிரித்துவைக்க ஆள் போடுங்கள் என்று நாங்கள் எப்போது கேட்டோம்? கலக்க ஆள் போடாதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

லே மேசையில் நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒருமுறை மேசையின் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். 80 பிளை (அடுக்கு) துணி விரித்து, மேலே மார்க்கர் (வெட்டவேண்டிய வடிவங்கள் வரைந்த தாள்) போட்டு, மிஷினை ஓட்டுகிறீர்கள். ஏப்ரனை எடுத்ததும் அக்குள் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பிறைத்துண்டு மிஞ்சுகிறது. எண்ணினால் 80 துண்டு. ஒரே துணி, ஒரே நிறம், ஒரே வடிவம், பாவு நூல் (நீளவாக்கு நூல்) எல்லாவற்றிலும் ஒரே திசை. ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் சீட்டுக்கட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். யாரும் கை வைக்காமலே தரம் பிரித்து, அடுக்கி முடித்தாயிற்று. அடுத்த நொடி புறங்கையால் ஒரு தள்ளு. மேசைக்கடியில் விழுந்து, துடைப்பத்தில் உருண்டு, நேற்றைய டேபிள் கிளாத் பிட்டோடும் தலைமுடியோடும் ஸ்டேப்ளர் பின்னோடும் சாக்குக்குள் மிதிபட்டு, பிரஸ்ஸில் நசுங்கிப் பேலாக வெளியே வருகிறது. அந்த 80 துண்டையும் திரும்ப ஒன்றுசேர்க்க நாங்கள் ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கிறோம். பாதிகூடச் சேர்வதில்லை.

அந்தத் தள்ளலுக்கு முன்னால் ஒரு நாடாவைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

"வேஸ்ட்டுத்தானே, கலந்தால் என்ன" என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறோம். சிங்கிள் கட்டிலுக்கான குயில்ட் 60க்கு 84 இன்ச். 12 இன்ச் பிளாக்காக (துண்டுகள் சேர்த்துத் தைத்த சதுரப் பகுதி) போட்டால் 5 வரிசை, வரிசைக்கு 7, ஆக 35 பிளாக். எளிய ஒன்பது கட்டம் என்றால் ஒரு பிளாக்குக்கு 9 சதுரம், மொத்தம் 315. சதுரம் தைத்த பிறகு 4 இன்ச் நிற்க வேண்டும். சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போகும், எனவே 4½ இன்ச்சில் வெட்டுகிறோம். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) துணியில் அப்படி ஒரு சதுரம் ஏறக்குறைய 2 கிராம்; மேல்பக்கம் முழுவதற்கும் 630 கிராம் போதும். எங்களுக்கு வேண்டிய துணி அவ்வளவு கொஞ்சம். அடுக்காக வந்தால் ஆறு பிளை சேர்த்து அயர்ன் செய்து, நூல் பார்த்து (நூல் ஓடும் திசை பார்த்து), 53 வெட்டில் முடித்துவிடலாம். கலந்து வந்தால் ஒவ்வொரு துண்டையும் தனியாக நீவி, தனியாகத் தேய்த்து, தனியாக நூல் பார்த்து 315 வெட்டு. கூலியோ எத்தனை பிளாக் என்பதற்குத்தான். எத்தனை முறை வெட்டினாய் என்று யாரும் கேட்பதில்லை.

நூல் பார்ப்பது எங்கள் வீம்பு இல்லை. பாவு வழியே இழுத்தால் துணி விறைத்து நிற்கும், ஊடை (குறுக்கு நூல்) வழியே சற்றே விட்டுக்கொடுக்கும், கிராஸில் (மூலைவாட்டில்) இழுத்தால் ரப்பராக நீளும். கசங்கிய துண்டில் கரையும் (துணியின் நெய்த ஓரம்) இல்லாதபோது கிராஸ் எது, நேர் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. தெரியாமல் கிராஸில் வெட்டிய ஒரு சதுரம் போதும். மிஷின் பல்லில் ஏறும்போதே இழுபட்டு, பிளாக்கின் ஒரு பக்கம் தையலுக்கான அரை இன்ச்சும் சேர்த்து 12½ இருக்க மறுபக்கம் 12¾ ஆகிவிடும். கரை கிடைத்தாலும் அப்படியே சேர்க்க முடியாது. அங்கே நெசவு இறுக்கம், துணியை இழுத்துப் பிடித்து உலர்த்தும் ஸ்டெண்டர் மிஷினின் பின் குத்திய ஓட்டைகளும் இருக்கும். அரை இன்ச் வெட்டித் தள்ளிவிட்டுத்தான் அளவு எடுக்கிறோம்.

அடுத்தது துணி வகை. பருத்தி, பாலி காட்டன், லைனிங், பேஸ்டிங் (விறைப்புக்கு ஒட்டும் துணி) ஒட்டிய துண்டு, மேசைவிரிப்பு ரெக்சின், மிஷின் துடைக்க வாங்கிய திருப்பூர் பனியன் வேஸ்ட், எல்லாமே ஒரே பேலில். பனியன் துணி லாரி ஷெட்டில் கை துடைக்க நல்லது. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் அது இழுபடும், பக்கத்துத் துண்டு இழுபடாது. பிளாக்கின் நடு தொய்ந்துபோகும். பாலியெஸ்டரோ பருத்திக்கு வைத்த சூட்டில் அயர்ன் அடியில் இளகி ஒட்டிக்கொள்ளும். அதனால் சந்தேகமான ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கிறோம். காகிதம் எரிகிற வாசனையோடு மிருதுவான சாம்பல் விழுந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். இரண்டும் நடந்தால் கலப்பு. ஒரு பேலுக்கு எத்தனை தீப்பெட்டி ஆகிறது என்ற கணக்கை நாங்கள் இன்னும் உங்கள் பெயரில் எழுதவில்லை.

பருத்தி மட்டுமாகவே தேறினாலும் பாடு முடிவதில்லை. துவைக்காத பருத்தித் துணி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 4 இன்ச் சதுரம் ஒன்றரை நூல் அளவு (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) சுருங்க, பக்கத்திலுள்ள கலப்புத் துணி அசையாமல் நிற்க, முதல் சலவையிலேயே தையல் ஓரமெல்லாம் கூம்பிவிடும். அடர்சிவப்பும் நீலமும் இருந்தால் சாயப் பயம் வேறு. ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் வைத்து அயர்னை அழுத்தினால் கறை தெரிந்துவிடும். அடுக்கிலிருந்து ஒரு துண்டைச் சோதித்தால் 80க்கும் பதில் கிடைத்துவிடும். கலந்த மூட்டையில் எந்தச் சிவப்பு எந்தச் சிவப்போடு சேர்ந்தது?

இதையெல்லாம் தாண்டித் தைத்தால் லாக் கேபின் என்னும் டிசைனில் சோதனை. நடுவில் 2½ இன்ச் சதுரம், சுற்றிலும் 1½ இன்ச் பட்டை, ஐந்து சுற்று, 20 பட்டை. ஒரு பிளாக்குக்கு 150 இன்ச் பட்டை வேண்டும். குறுக்கே 10 தையல் ஓடும். ஒவ்வொரு தையலும் அரை நூல் அதிகமாக உள்ளே போனால், இரண்டு பக்கத்திலும் அரை அரையாகத் தையலுக்கு ஒரு நூல் போச்சு. 10 தையலில் 10 நூல், அதாவது ஒன்றேகால் இன்ச். 12½ வரவேண்டிய பிளாக் 11¼இல் நிற்கும். துணியின் கனம் துண்டுக்குத் துண்டு மாறினால் இந்த அரை நூல் தானாகவே வந்துவிடும். தடித்த துணியில் மடிப்பே இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே லேயிலிருந்து வந்த பட்டை என்றால் முதல் பிளாக்கில் தையலைச் சரிசெய்துவிட்டு மீதி 34ஐயும் கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம்.

"உத்தர கன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகத்துப் பெண்கள் கிடைத்த துணியில் எல்லாம் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்களே" என்று ஓர் அலுவலக அறையில் எங்களுக்குப் பாடம் நடந்தது. கவந்தியை நாங்களும் கொண்டாடுகிறோம். ஆனால் அது உடுத்திப் பலமுறை துவைத்த பழந்துணி. சுருங்க வேண்டியது சுருங்கி, போகவேண்டிய சாயம் போனது. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி, துண்டின்மேல் துண்டு வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். பிளாக்கும் கிடையாது, 12½ அளவும் கிடையாது. அந்த வேலையின் அறிவு வேறு, இதன் கணக்கு வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். உங்கள் தையல் பிரிவில் ஓர் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, பதிவேட்டில் ஒட்டி, அதன்பிறகே புது ஊசி கொடுக்கிறீர்கள். வெளிநாட்டுக் குழந்தையின் விரலில் குத்திவிடக்கூடாது, நல்ல ஏற்பாடு. அதே வளாகத்திலிருந்து வரும் கழிவு மூட்டையில் ஸ்டேப்ளர் பின் கொத்துக் கொத்தாக இருக்கிறது. மூட்டைக்குள் கைவிடும் விரல் எந்தப் பதிவேட்டிலும் வராதோ? வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் பேட்ச் ஒர்க் விரிப்பு தொங்குகிறது, துணி வாங்கும் பையருக்குக் காட்டும் புத்தகத்தில் "கழிவே இல்லாத உற்பத்தி" என்று அதன் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு மட்டும் துணியை யாரோ பார்த்துப் பார்த்துப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம்.

ஒரே நிறத்துக் கழிவை நீங்கள் பிரிக்காமலும் இல்லை. நிறம் பிரித்துக் கொடுத்தால் கழிவுப் பஞ்சு மில்லில் சாயம் போடாமலே கலர் நூல் ஓட்டலாம் என்பதால் அதற்கு விலை கூடுதல்; ஆகவே அது தனியாகப் போகிறது. மில்லுக்கு முடிவது எங்களுக்கு முடியாதா? இலவசமாகவும் கேட்கவில்லை. கட்டிய அடுக்குக்குப் பேல் விலையைவிடக் கூட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறோம்: அடுக்கைக் கலைக்காமல், விழுவதற்கு முன்பே கட்டிக் கொடுங்கள். ரோல் முடிவில் மிஞ்சும் எண்ட் பிட் 5 இன்ச்சுக்கு மேல் இருந்தால் மடித்துத் தனியே வையுங்கள். எங்களுக்கு அதுதான் தங்கம். பண்டில் நம்பரைச் சாக்பீஸில் எழுதினால் போதும், ஸ்டிக்கர் பசை அயர்னில் ஒட்டுகிறது, ஸ்டேப்ளர் பின் அறவே வேண்டாம். பிறைத்துண்டை அற்பமென்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் 2½ இன்ச் சதுரம் ஒன்றாவது தேறும், லாக் கேபினுக்கு நடுச்சதுரம் அதிலிருந்துதான். 1½ இன்ச்சுக்குக் குறைந்தவை எங்களுக்கு உதவாது. அவை தாராளமாக மில்லுக்குப் போகட்டும்.

அடுக்கைக் கட்ட நாடா இல்லை என்றால் தயங்காமல் சொல்லியனுப்புங்கள். அந்த ஒன்றரை இன்ச்சுக்குக் குறைந்த பட்டை எங்களிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எல்லாம் உங்கள் பேலில் வந்ததுதான். நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
பேட்ச் ஒர்க் தைக்கும் பெண்கள்