கும்பகருணன் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இராமாயணக் கட்டுரையில், அறமா அநீதியா என்று எண்ணிப் பாராமல் அண்ணன் பின்னால் போனவன் கும்பகருணன் என்று எழுதியிருந்ததைப் படித்து மனம் நொந்து இதை எழுதுகிறேன். கம்பனை நன்கறிந்த தாங்கள் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மந்திராலோசனையில் இராவணனின் முகத்துக்கு நேரே, "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று இடித்துரைத்தவன் அவன். உறக்கம் கலைத்துப் போருக்கு அழைத்தபோதும், சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்று கேட்டு, அவளை விட்டுவிட்டுத் தம்பி வீடணனோடு உறவாடுமாறு மன்றாடினான். கிடைத்தது ஏச்சு. அதன்பிறகே சூலத்தைக் கையில் எடுத்தான். அப்போதும், "வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன்" என்று சொல்லி, தான் இறந்தால் சீதையை விடுவிக்க வேண்டிக்கொண்டே களம் புகுந்தான். அங்கே இராமன் பக்கம் வந்துவிடுமாறு அழைத்த வீடணனிடம், நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் வரமாட்டேன் என்றவன், தம்பியை மட்டும் இராமனிடமே திரும்பிப் போகச் சொன்னான். சாகும் தறுவாயில் அந்தத் தம்பியைக் காக்கும்படி இராமனிடமே வேண்டினான். இவனா எண்ணிப் பாராதவன்?

என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எடையில் நடந்த தவற்றை, நெல் கொண்டுவந்த விவசாயிகள் முன்னிலையிலேயே முதலாளியிடம் எடுத்துச் சொன்னவர் அவர். ஆலை நொடித்து, சம்பளம் நின்று, மற்றவர்கள் விலகிய பிறகும், "அவர் உப்பைத் தின்றிருக்கிறேன்" என்று கடைசிக் கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை போய்வந்தவரும் அவரே. கண்டிப்பதும் கைவிடாதிருப்பதும் ஒரே மனத்தில் குடியிருக்கும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன்.

தங்கள் சிறுவர் பகுதியில் கும்பகருணன் வாய்பிளந்து குறட்டை விடுபவனாகவே ஆண்டுக்கணக்கில் வரையப்படுகிறான். கர்ணனின் செஞ்சோற்றுக்கடனை அடிமைத்தனம் என்று எழுதியபோது நான் அனுப்பிய மறுப்பு வெளியாகவில்லை. தேர்தல் வந்தால், பதவிக்காகக் கட்சி தாவுகிறவர்களுக்கெல்லாம் வீடணன் பெயரைச் சூட்டுகிறீர்கள்; அண்ணனிடம் பலமுறை எடுத்துரைத்து, விரட்டப்பட்ட பிறகே அவன் வெளியேறினான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

வீடணனுக்குக் கும்பகருணன் சொன்ன அந்த மறுமொழியாகிய, "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று தொடங்கும் பாடலை, முழுமையாக, பொருளுரையுடன் அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மயிலாடுதுறை