மழைக்காலம் தொடங்கும் முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. விடுமுறை அறிவிப்பு வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில் வரும். விடிவதற்கு முன்பே ஆசிரியர்களை அழைத்துக் கேட்காதீர்கள்; ஆட்சியர் அறிவித்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். சரி, இந்தக் கடிதம் அதற்காக இல்லை. காற்று பலமாக அடித்தாலே கலங்கிப்போகும் பிள்ளைகள் நம் பள்ளியில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மேல்நிலை வகுப்பில் ஒரு மாணவி. வானம் இருட்டினால் போதும், பையைத் திறந்து எதையோ தடவிப் பார்ப்பாள். கேட்டபோது வகுப்பாசிரியையிடம் எடுத்துக் காட்டினாள். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரு பாலித்தீன் உறைக்குள் இருந்தன. வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, அதன்மேல் இன்னோர் உறை. தினமும் சுமந்துகொண்டு வருகிறாள். கஜா புயல் அடித்தபோது அவர்கள் குடும்பம் பேராவூரணிப் பக்கம் இருந்தது. அவள் தொடக்கப் பள்ளிச் சிறுமி. தென்னந்தோப்பு போனது, அப்புறம் ஊரையும் விட்டு இங்கே வந்துவிட்டார்கள். சான்றிதழ்களை எல்லாம் டிஜிலாக்கர் என்ற அரசின் இணையப் பெட்டகத்தில் ஏற்றிக் கொடுத்தோம். இருந்தும் உறையை விடவில்லை. சுமக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். (அவளும் பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டையைக் கடந்து நம் சிவகங்கைப் பக்கத்தையும் தொட்டுவிட்டுத்தான் போனது. இங்கே மரம் சாய்ந்தது, கரண்ட் போனது, கொஞ்ச நாளில் மறந்தோம். பட்டுக்கோட்டை, ஆலங்குடிக்காரர்களால் அப்படி மறக்க முடியவில்லை. தென்னம்பிள்ளை நட்டுக் காய் பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை கடன், வட்டி, தள்ளிப்போன கல்யாணம், வாய் திறக்காத அப்பா. பிள்ளையின் மனதில் தங்குவது அந்த ஒரு ராத்திரிக் காற்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வந்த இத்தனையும்தான்.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 2005-இல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. பாதிக்கப்பட்டவர்களை ஆய்வாளர்கள் சில மாதங்களிலும், ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து மறுபடியும் விசாரித்தார்கள். நாளாக ஆக மனம் தேறியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆனால் மனநலச் சிக்கல் உள்ளவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. வீடு, வேலை எதுவும் சீராகாத நிலையில் மனம் மட்டும் எப்படித் தேறும்? 2017 மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வரவே ஏறக்குறைய 11 மாதம் ஆனது. அங்கே 96,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்ததில், நூற்றில் ஏழு பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. மற்றவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். பயந்த பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை.

வீட்டில் இது எப்படித் தெரியும்? நிறுத்திய பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். காலையில் வயிற்றுவலி என்று சொல்லும். மாத்திரை கொடுத்தாலும் போகாது. அம்மா முந்தானையை விடாது. வளர்ந்த பையன்கள் பயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எரிந்து விழுவார்கள், ராத்திரி முழுக்கப் போனில் வானிலை வீடியோ பார்ப்பார்கள். "ஆம்பளைப் பிள்ளை இதுக்கெல்லாமா பயப்படுவே?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்த முறை நம்மிடம் சொல்லவே மாட்டான்.

"ஒண்ணும் ஆகாது" என்று சமாளிப்பதைவிட, புயல் எங்கே இருக்கிறது, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். டார்ச் சார்ஜ் போடுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது, மாடி ஜன்னல்களுக்குக் கொக்கி மாட்டுவது என்று ஒரு வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். நம் பெரிய வீடுகளில் பூட்டிக் கிடக்கும் மாடியில் ஒரு கதவு அடித்துக்கொண்டால்கூட ராத்திரி முழுக்க வளவே அதிரும். அதைப் பகலிலேயே போய்ச் சாத்தி வந்த பிள்ளைக்குப் பயம் பாதி குறையும். செய்திச் சேனலை நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அப்பாக்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் பதறுவதும் பிள்ளை காதில்தான் விழுகிறது. அப்பத்தாக்களுக்கும் ஐயாக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: 1964-இல் தனுஷ்கோடியில் ரயிலைக் கடல் கொண்டுபோன கதையைப் பகலில் சொல்லுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

திருநீறு போடுங்கள், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒரு மாதம் கடந்தும் தூக்கம், சாப்பாடு, படிப்பு சரியாகவில்லை என்றால் மருத்துவரிடமும் காட்டுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் நாள் கடத்தாதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாதவர்கள் கூட்டம் முடிந்த பிறகு என் அறைக்கு வரலாம். போன் எண் மாறியிருந்தால் அன்றே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்