கஞ்சாவையும் ஹெராயினைப் போலவே அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையில் கஞ்சா விற்க விடுங்கள் என்று கேட்டு இந்த மடலை எழுதவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று பின்வாங்கியதை எல்லாரும் பார்த்தோம். அந்த அவசரம் நமக்கு வேண்டாம். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் கஞ்சாவை அளக்கும் விதத்தைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

ஹெராயின் வழக்கில் என்ன நடக்கிறது? பிடிபட்ட பொட்டலம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. கலப்படத்தைக் கழித்துவிட்டு, அதில் சுத்தமான டயமார்ஃபின், அதாவது ஹெராயினின் போதைப்பொருள், எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். அது 15 கிராமைத் தாண்டினால்தான் கடத்தியவருக்குத் தூக்கு. கஞ்சாவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. செடிப்பொருளை அப்படியே எடை போட்டு, 500 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை. போதை ஏற்றுவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள், அதன் அளவு செடிக்குச் செடி மாறும். 20 விழுக்காடு டி.எச்.சி. உள்ள பூ அரைக் கிலோ இருந்தால் அதில் 100 கிராம் டி.எச்.சி. இருக்கும். 2 விழுக்காடு சரக்கில் வெறும் 10 கிராம். நம் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வுக்கூடமும் நிபுணர்களும் இல்லாத ஊரா இது?

கஞ்சா 15 கிராமைத் தாண்டிக் கையில் இருந்தாலே கடத்தத்தான் வைத்திருந்தார் என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. 2013 முதல் தூக்கைத் தவிர்க்க நீதிபதிகளுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அவர் வெறுமனே சரக்கைக் கொண்டு சென்றவராக இருக்க வேண்டும். புலனாய்வுக்கு உருப்படியாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழும் தர வேண்டும். மனநலக் குறைபாடு இருந்தால் அது வேறு வழி. அடிமட்டத்தில் இருப்பவனுக்கு மேலே யார் என்றே தெரியாது. எதைச் சொல்லி அவன் சான்றிதழ் வாங்குவான்? 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்த குற்றத்துக்காக ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் நம் வீடுகளில் என்ன பேசினார்கள் என்று தொகுதி உறுப்பினர்கள் சற்று விசாரித்திருக்கலாம்.

டி.எச்.சி.யை அளக்கத் தொடங்கினால், டி.எச்.சி. மிகக் குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப் என்ற நார்ச்செடியின் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். ஹெம்பில் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 2018இல் கோடு போட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் அதே அளவுக்கு வந்தது. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்ப்பதை 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையே விலக்கி வைத்திருக்கிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. உத்தராகண்டில் உரிமம் வாங்கிப் பயிரிடுகிறார்கள். நம்மிடம் விளைநிலம் இல்லை, சரி. ஆனாலும் துணியோ கட்டடப் பலகையோ இறக்குமதி செய்கிறவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஓர் எண்ணைக் காட்டலாமே.

மருந்து விஷயத்தில் அரசு ஏற்கெனவே நிதானமாகத்தான் நடக்கிறது. கடும் வலிப்பு நோய்க்கான கஞ்சாவழி மருந்தை, மருத்துவர் விண்ணப்பித்தால், தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதிக்கிறீர்கள். 2018இல் தேசிய ஆய்வு அறநிறுவனம் கன்னாபினாய்டுகள் என்ற கஞ்சா வேதிப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கும் ஆராய்ச்சிக்கும் ஆதரவு அறிவித்தது. செடி வேறு, அதிலுள்ள வேதிப்பொருள் வேறு என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது. நீதிமன்றத்தில் மட்டும் ஏன் முடியவில்லை?

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது சிங்கப்பூர் ஏமாற்றம் தெரிவித்தது. அந்த நிலைப்பாட்டை மாற்றாமலேயே நான் கேட்பதைச் செய்யலாம்.

வேண்டாம் என்றே அமைச்சு முடிவெடுக்கலாம். ஆனால் ஹெராயினுக்குச் செய்யும் தூய்மைக் கணக்கைக் கஞ்சாவுக்கு ஏன் செய்வதில்லை என்பதை, உறுப்பினர்களில் ஒருவராவது நாடாளுமன்றத்தின் அடுத்த அமர்வில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வட்டாரக் குடியிருப்பாளர் ஒருவர்