பெயர் யார் கையில்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கதிர் இசைக்குழு ஆரம்பித்திருக்கிறான், ஒரு தயாரிப்பாளர் ஒப்பந்தம் போடக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு டூ அன்லிமிடெட்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஹாஸ்டலில் நாடா தேயத் தேய நாம் கேட்ட அதே டெக்னோ நடன இசைக்குழு. அவர்கள் கதையைக் கதிரிடம் அவசியம் சொல்.

ஜான்-பால் டி கோஸ்டர், ஃபில் வைல்ட் இருவரும் பெல்ஜியத்துத் தயாரிப்பாளர்கள். 1991இல் அவர்கள் போட்ட 'கெட் ரெடி ஃபார் திஸ்' முதலில் வெறும் வாத்திய இசைதான். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ரே ஸ்லைங்கார்ட் அதற்கு ராப் எழுதினார். பெண் குரலுக்கு அனிதா டோத்தை அழைத்து வந்ததும் அவரே. இந்த இருவரும்தான் டூ அன்லிமிடெட்டின் முகங்கள். 1993இல் 'நோ லிமிட்' பாட்டு வந்தது. ஒரு 'நோ'வையே அனிதா அடுக்கிக்கொண்டே போக, அடியில் அந்த சிந்தசைசர் முட்டி மோதும், ஞாபகம் இருக்கிறதா? பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். ஆனால் அங்கே வெளியிட்ட பதிப்பில் ரேயின் ராப்பை ஏறக்குறைய முழுசாக வெட்டிவிட்டார்கள். 'டெக்னோ, டெக்னோ' என்ற கூவல்தான் மிச்சம். அப்புறம் இவர்கள் பாட்டில் வரிகளே இல்லை என்று அதே ஊரில் கேலி வேறு! எழுதியவனுக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நாளடைவில் ரசனை மாறியது, விற்பனையும் இறங்கியது. 1996இல் ரேயும் அனிதாவும் விலகினார்கள். பெயர் தயாரிப்பாளர்கள் கையில். 1998இல் வேறு இரண்டு பெண்களை நிறுத்தி, அதே பெயரில் பாட்டு வெளியிட்டார்கள். அது எடுபடவில்லை, மறுவருஷமே முடிந்துபோனது. 2009இல் ரேயும் அனிதாவும் மறுபடி சேர்ந்தபோது 'ரே அண்ட் அனிதா' என்றுதான் மேடையேறினார்கள். பழைய பெயரில் பாட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாலு வருஷத்தில் ரே மறுபடி விலகிவிட்டார்.

தயாரிப்பாளர்களை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். மெட்டு அவர்களுடையது, அமெரிக்க விளையாட்டு அரங்குகளில் காலம் காலமாக ஒலிப்பதும் அந்த மெட்டுதான். ஆனாலும் ஜனங்கள் மனதில் டூ அன்லிமிடெட் என்றால் ரேயும் அனிதாவும்தானே? அந்த முகங்கள் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியவில்லையே.

கதிர் ராயல்டி எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்பான், அந்த வயது அப்படி. குழுவின் பெயர் யார் பேரில் பதிவாகிறது, ஒருவர் விலகினால் அதை யார் பயன்படுத்தலாம், பாடியதை வெட்டுவதற்கு முன் அவனைக் கேட்பார்களா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எனக்கு அனுப்பு. என் மைத்துனர் வக்கீல், ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்வார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி